ஃபர்னஸ் பழுதுக்குக் காசு ஒதுக்குவது எப்படி? ஒன்ராறியோ வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காஸ் ஃபர்னஸ் (காஸை எரித்து வீட்டைச் சூடேற்றும் கருவி) உள்ள சொந்த வீடுகளுக்கானது இது. விலைகள் எல்லாம் கனடிய டொலரில், ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வழக்கமாகக் கேட்கப்படும் தோராய அளவுகள். வரி சேர்ந்தது என்று சொல்லாத இடத்தில் 13 சதவீத எச்எஸ்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபர்னஸ் எத்தனை வருடம் உழைக்கும்? எங்கள் வீட்டில் இருப்பதன் வயது தெரியாதே?

சாதாரணமாக 15 முதல் 20 வருடம். ஃபில்டர் மாற்றாமல் ஓடியது 12 வருடத்திலேயே இளைத்துவிடும்.

வயதைப் பார்க்க, மேல் கதவைக் கழற்றினால் உள்ளே மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஒட்டுத்தாள் தெரியும். பல கம்பனிகள் சீரியல் எண்ணின் முதல் நாலு இலக்கத்தில் உற்பத்தி வாரத்தையும் வருடத்தையும் வைக்கின்றன; எது முதலில் வரும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். அது பிடிபடாவிட்டால் புகை வெளியேறும் குழாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் பக்கச்சுவர் வழியாக வெளியே போனால் அது உயர்திறன் ஃபர்னஸ். உலோகக் குழாய் புகைபோக்கிக்குள் ஏறினால் அது பழைய, 80 சதவீதத் திறன் வகை. 2010 முதல் கனடாவில் 90 சதவீதத்துக்கும், 2019 யூலை முதல் 95 சதவீதத்துக்கும் குறைந்த திறனுள்ள வீட்டு காஸ் ஃபர்னஸ்களை உற்பத்தி செய்து விற்க முடியாது. ஆகவே உலோகக் குழாயைக் கண்டால், காசு சேர்க்கும் வேலையை இந்த மாதமே தொடங்க வேண்டிய வீடு அது.

மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை பொருந்தாது. ஃபர்னஸின் வயதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது. நல்ல ஒரு ஃபர்னஸ் பொருத்திமுடிக்க 5,500 என்று வைத்தால் வரியோடு 6,215 டொலர். 17 அல்லது 18 வருடத்தில் மாற்றுவோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபர்னஸுக்கு 3 வயதானால் கையில் 180 மாதம் இருக்கிறது. மாதம் 35 டொலர் போதும். 12 வயதானால் 60 மாதம், மாதம் 104. ஏற்கெனவே 17 ஆகிவிட்டதென்றால் இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்ற நம்பிக்கையில் மாதம் 259. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய விலை கேட்டு இந்தக் கணக்கைத் திருத்துங்கள்.

இதற்குப் புறம்பாக இரண்டு சிறு தொகைகள் வேண்டும். பழுதுக்கென்று 1,000 டொலர் எப்போதும் தயாராக இருக்கட்டும். எடுத்தால் அடுத்த மாதங்களில் நிரப்புங்கள். வருடாந்தப் பராமரிப்பும் ஃபில்டர்களும் சேர்ந்து வருடம் சுமார் 230, அதாவது மாதம் 20க்குக் கொஞ்சம் குறைவு.

அந்தக் காசை எங்கே போட்டு வைப்பது?

அன்றாடச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்து, வட்டி தரும் தனிச் சேமிப்புக் கணக்கில். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏயில் வரம்பு மீதி இருந்தால் அதற்குள் சேமிப்புக் கணக்காகவே வையுங்கள், வட்டிக்கு வரி இல்லை. ஆனால் அதிலிருந்து எடுத்த தொகைக்கான இடம் அடுத்த வருடம் ஜனவரி 1இல்தான் திரும்பக் கிடைக்கும். பெப்ரவரியில் எடுத்துவிட்டு, வேறு வரம்பு இல்லாமல் யூனில் திருப்பிப் போட்டால் தண்டம் கட்ட வேண்டி வரும். பங்குகளில் போடாதீர்கள், ஃபர்னஸ் நின்ற வாரம் சந்தை எப்படி இருக்கும் என்று யார் கண்டது?

சேமிப்பு போதாத வீடுகள் வீட்டு மதிப்பை வைத்துக் கிடைக்கும் கடன் வசதியை (லைன் ஆஃப் கிரெடிட்) வங்கியில் முன்கூட்டியே திறந்து வைக்கலாம். அனுமதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். குளிரில் அதற்கு நேரம் இருக்காது. கிரெடிட் கார்டில் 6,215 டொலரை 20 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 104 டொலர் வட்டி. மேலே 12 வருட ஃபர்னஸுக்கு ஒதுக்கச் சொன்ன தொகையும் அதே 104தான். கார்டில் அது வட்டிக்கு மட்டுமே போகிறது, கடன் அப்படியே நிற்கும்.

வழக்கமாக எது பழுதாகும், எவ்வளவு ஆகும்?

ஃபர்னஸ் எந்த ஒழுங்கில் இயங்குகிறது என்று தெரிந்தால் பில்லில் உள்ளதும் புரியும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் புகையிழுக்கும் சிறு மோட்டார் சுற்றும். அது இழுப்பதை பிரஷர் சுவிட்ச் உறுதிசெய்யும். பிறகு இக்னைட்டர் செக்கச்செவேலென்று சூடாகும், காஸ் வால்வு திறக்கும், தீ பிடிக்கும். தீ உண்மையில் எரிகிறதா என்று ஃபிளேம் சென்சர் பார்க்கும். அரை நிமிடம் கழித்து பெரிய புளோவர் மோட்டார் காற்றை வீட்டுக்குள் தள்ளும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கண்ட்ரோல் போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

மலிவானது ஃபிளேம் சென்சர். கம்பியில் படிவு ஏறினால் தீ தெரியாது. பற்றிய சில நொடியில் அணைந்து, மறுபடி பற்றி, மூன்று நாலு முறை முயன்று நின்றுபோகும். மெல்லிய எஃகுக் கம்பளியால் தேய்த்தால் தீர்ந்தது, வந்துபோகும் கூலியோடு 120 முதல் 200. இக்னைட்டர் ஒவ்வொரு தடவையும் சூடேறிக் குளிர்வதால் காலப்போக்கில் விரிசல் விடும், 200 முதல் 400. பிரஷர் சுவிட்ச் மாற்ற அதே அளவு ஆகும். ஆனால் பல தடவை சுவிட்ச் நல்லதாகவே இருக்கும். புகை குளிர்ந்து உண்டாகும் தண்ணீர் வடியும் வளைகுழாய் (தண்ணீர்ப் பொறி) அடைத்திருக்கும், அல்லது வெளிக்குழாயில் பனி மூடியிருக்கும். அதைப் பார்க்காமல் சுவிட்சை மாற்றினால் அடுத்த வாரமே பழைய கதை.

புகையிழுக்கும் மோட்டார் 500 முதல் 1,000. கண்ட்ரோல் போர்டு 500 முதல் 900. புளோவர் மோட்டார் பழைய வகையானால் 400 முதல் 800. தன் வேகத்தைத் தானே மாற்றும் இசிஎம் வகையானால் 800 முதல் 1,500. பழைய வகையில் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பாகம் சில பத்து டொலர்தான்.

ஆளைக் கூப்பிடுமுன் நாங்களே என்ன பார்க்கலாம்?

இரவு அவசர அழைப்புக்கு 200 டொலருக்கு மேல் கேட்கிறவர்கள் உண்டு. ஆகவே பத்து நிமிடம் செலவழியுங்கள்.

1. தெர்மோஸ்டாட் ஹீட்டில் இருக்கிறதா, பற்றரி செத்துவிட்டதா?
2. ஃபர்னஸுக்குத் தனி சுவிட்ச் உண்டு, பார்க்க விளக்குச் சுவிட்ச் மாதிரியே இருக்கும். பேஸ்மெண்ட் படி பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் அணைத்திருக்கலாம். பிரேக்கரையும் பாருங்கள்.
3. ஃபில்டரை வெளியே எடுங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியாவிட்டால் புதியதைப் போடுங்கள்.
4. வெளியே போய், இரண்டு பிளாஸ்டிக் குழாய் வாயிலும் பனியோ ஐஸோ அடைத்திருந்தால் கையால் அகற்றுங்கள்.
5. புளோவர் கதவு சரியாக மூடியிருக்கிறதா? உள்ளே ஒரு சிறு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறது. கதவு அரை அங்குலம் விலகினாலும் ஃபர்னஸ் ஓடாது.
6. கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியாகச் சிமிட்டும் விளக்கை எண்ணுங்கள். எத்தனை சிமிட்டலுக்கு என்ன பொருள் என்ற அட்டவணை கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அந்த எண்ணைத் தொலைபேசியிலேயே சொன்னால், வருகிறவர் பாகத்தையும் கையோடு கொண்டுவரலாம். இரண்டாம் வருகைக் கூலி மிச்சம்.

பவரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுவது ஒருமுறைக்குச் சரி. திரும்பத் திரும்பச் செய்து ஓட்டாதீர்கள். காஸ் மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியில் நின்று காஸ் கம்பனியின் அவசர எண்ணை அழையுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியேறி 911.

வருடாந்தப் பராமரிப்புக்கு 150 டொலர் கொடுப்பது வீணா?

வந்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. தூசி உறிஞ்சிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிப் போனால் வீண். ஃபிளேம் சென்சரைத் துடைத்து, தண்ணீர்ப் பொறியைக் கழுவி, காஸ் அழுத்தத்தை மானியில் அளந்து, உள்ளே போகும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் ஒட்டுத்தாளில் உள்ள வரம்புக்குள் வருகிறதா என்று பார்த்து, எண்களைத் தாளில் எழுதித் தந்தால் 150 நியாயம். உத்தரவாதம் கேட்கும்போது பராமரிப்புச் சான்று கேட்கும் கம்பனிகளும் உண்டு, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஃபில்டர் உங்கள் வேலை. 1 அங்குலத் தடிப்பு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 4 அல்லது 5 அங்குலம் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கறி தாளிக்கும் வீட்டில் குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 அங்குலத்தில் மெர்வ் 13 போன்ற நெருக்கமான ஃபில்டர் போடுவது பலர் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு: காற்று குறைந்து, உள்ளே சூடு ஏறி, லிமிட் சுவிட்ச் அடிக்கடி அணைக்கும். அப்படியே வருடக்கணக்கில் ஓடினால், தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் விரிசல் விடும்.

மாதம் 25 டொலர் பாதுகாப்புத் திட்டம் எடுக்கலாமா?

மாதம் 25 என்றால் வருடம் 300. 15 வருடத்தில் 4,500, வரி வேறு. அத்தனையும் கட்டிய பிறகும் புதிய ஃபர்னஸ் கிடைக்காது. முதல் பத்து வருடம் பாகங்களுக்கு உற்பத்தியாளர் உத்தரவாதமே இருக்கும் என்றால், நீங்கள் காப்பீடு செய்வது கூலியை மட்டும்தான். 10 முதல் 15 வயதுக்குட்பட்ட, இசிஎம் மோட்டார் உள்ள ஃபர்னஸ், கையில் 1,000 டொலர் இல்லாத குடும்பம் என்றால் ஓரிரு வருடத்துக்கு எடுக்கலாம். மற்றவர்கள் அந்த 25ஐத் தங்கள் கணக்கிலேயே போடுவது மேல்.

எடுப்பதானால் இவற்றை எழுத்தில் பாருங்கள்: காத்திருப்பு நாட்கள் எத்தனை, ஒரு பழுதுக்கும் ஒரு வருடத்துக்கும் உச்சவரம்பு எவ்வளவு, வெப்பமாற்றி விலக்கப்பட்டதா, இரவு வருகைக்குத் தனிக் கட்டணமா, வருடந்தோறும் விலை ஏறுமா.

உற்பத்தியாளர் உத்தரவாதம் பற்றி ஒன்று. பொருத்திய 60 அல்லது 90 நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் பாகங்களுக்கு 10 வருடம், பதிவு செய்யாவிட்டால் 5 வருடம் என்பது பல கம்பனிகளின் வழக்கம். ‘பொருத்தியவர் செய்திருப்பார்’ என்று விட்டுவிடாதீர்கள். சீரியல் எண்ணை வைத்து நீங்களே பார்க்கலாம்.

சிவப்பு டாக் ஒட்டிவிட்டார்கள். உடனே புதியது வாங்கத்தான் வேண்டுமா?

டாக் என்பது காஸ் வேலைக்காரர் ஆபத்தான சாதனத்தில் ஒட்டும் எச்சரிக்கைத் தாள். அது இரண்டு வகை. ஏ வகை உடனடி ஆபத்து: காஸை அங்கேயே மூடிவிடுவார்கள், மூடாமல் போக அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. பி வகைக்குத் தவணை உண்டு; தாளில் எழுதிய நாளுக்குள் திருத்த வேண்டும். இரண்டிலும் திருத்தச் சொல்கிறார்கள், தங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று எந்த டாக்கும் சொல்லாது.

‘வெப்பமாற்றியில் விரிசல் விட்டுவிட்டது’ என்றால் விரிசலைக் கேமராவில் காட்டச் சொல்லுங்கள், கார்பன் மொனொக்சைட் அளவை எழுதி வாங்குங்கள். காஸ் சாதனங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டிஎஸ்எஸ்ஏயில் பதிவான வேறொரு நிறுவனத்திடம் இரண்டாம் கருத்துக் கேட்க 150 டொலர் செலவழிப்பது 6,000 டொலர் முடிவுக்குப் பெரிதல்ல. விரிசல் உண்மையானால் அதனோடு விளையாட வேண்டாம், அந்த ஃபர்னஸ் ஓடக்கூடாது. ஆனால் வெப்பமாற்றிக்கு 20 வருடமோ ஆயுளுக்குமோ உத்தரவாதம் தருகிற கம்பனிகள் பல. பாகம் இலவசமாக வந்து, கூலிக்கு 1,000 முதல் 1,500 ஆகலாம். வயது 9 என்றால் அது யோசிக்க வேண்டிய வழி.

திருத்துவதா, மாற்றுவதா?

பத்து வயதுக்குள் திருத்துங்கள். 15க்கு மேல், பழுது 1,000ஐத் தாண்டினால் மாற்றுங்கள். இடைப்பட்டதில் பாகத்தைப் பாருங்கள்: இக்னைட்டர், சென்சர், சுவிட்ச் என்றால் எந்த வயதிலும் திருத்தலாம். கண்ட்ரோல் போர்டும் மோட்டாரும் ஒரே குளிர்காலத்தில் போனால் அடுத்த வருடத்துக்குள் மாற்றுவதாகத் திட்டமிட்டு, இப்போதைக்கு மலிவான வழியில் ஓட்டுங்கள்.

மாற்ற நல்ல காலம் ஏப்ரல், மே அல்லது செப்டெம்பர். அப்போது விலை இறங்குவதை விட, மூன்று பேரிடம் விலை கேட்க நேரம் இருப்பதே பெரிய லாபம்.

விலைப்பட்டியலில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

மாடல் எண், பிடியூ அளவு (ஃபர்னஸின் வெப்ப சக்தி), திறன் சதவீதம், மோட்டார் வகை, புதிய பிளாஸ்டிக் குழாய், பழையதை அகற்றுதல், கூலி உத்தரவாதம் எத்தனை வருடம், வரியோடு மொத்தம்.

பிடியூவைப் பழையதைப் பார்த்து அப்படியே எழுதுகிறவரை நம்பாதீர்கள். பழைய வீடுகளில் தேவைக்கு மேல் பெரிய ஃபர்னஸ்கள் இருக்கின்றன; சுவருக்கும் பரணுக்கும் காப்பு போட்டு, யன்னல் மாற்றிய பிறகு தேவை இன்னும் குறைந்திருக்கும். எளிய சோதனை: வெளியே கழித்தல் 18 பாகை உள்ள இரவில் ஃபர்னஸ் மணிக்கு 25 நிமிடம் மட்டும் ஓடி வீடு சூடாக இருக்கிறதென்றால், அது இரட்டிப்புப் பெரிது. சிஎஸ்ஏ எஃப்280 முறையில் வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள்.

விற்கிறவர்கள் சொல்ல மறக்கும் செலவு ஒன்று உண்டு. உலோகக் குழாய் ஃபர்னஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், அதே புகைபோக்கியில் சுடுதண்ணீர்த் தாங்கி தனித்து நிற்கும். அதன் சிறு புகைக்கு அந்தப் புகைபோக்கி பெரிது. புகை குளிர்ந்து ஈரமாகிச் செங்கல்லை அரிக்கும், சில வேளை வீட்டுக்குள்ளேயே திரும்பும். உள்ளே உலோக லைனர் இறக்க 500 முதல் 1,000 ஆகலாம். முதலிலேயே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், இறுதிப் பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம். கூடுதல் வேலைக்கு நீங்கள் சம்மதித்திருந்தால் கதை வேறு.

முன்பணம் இல்லாமல் மாத வாடகைக்குத் தருகிறார்களே?

கணக்கைப் பாருங்கள். மாதம் 110, வருடம் 3.5 சதவீத ஏற்றம், பத்து வருடம்: 15,485 டொலர். வரியோடு சுமார் 17,500. அதே ஃபர்னஸை வாங்கினால் 6,215. வாடகையில் பழுதுச் செலவு அவர்களுடையது என்பது உண்மைதான், ஆனால் பதினோராயிரத்துக்குப் பழுதாகும் ஃபர்னஸ் இதுவரை பிறக்கவில்லை. வீடு விற்கும்போது வாங்குகிறவர் வாடகையை ஏற்க மறுத்தால், மீதியைக் கட்டி முடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

‘அரசாங்கத் திட்டம்’ என்று கதவு தட்டுகிறார்கள்.

2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி போன்றவற்றை விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் தடை. காஸ் பில்லைக் காட்டாதீர்கள், உள்ளே விடாதீர்கள். நீங்களே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டதானாலும், 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யலாம், எழுத்தில் அனுப்புங்கள்.

முன்பு இந்த வாடகைக் கம்பனிகள் வீட்டுப் பத்திரத்தின் மேல் ‘நோசி’ என்ற பிணை அறிவித்தலைப் பதிந்து, விற்கும் நாளில் பெருந்தொகை கேட்டன. 2024 யூன் 6 முதல் நுகர்வோர் சாதனங்களுக்கு அப்படிப் பதிய முடியாது. பழைய பதிவுகளும் காலாவதியானதாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் உள்ள பாக்கி மட்டும் அதனால் மறைந்துவிடாது.

பேஸ்மெண்டை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். ஃபர்னஸ் நின்றால்?

திருத்தும் கடமை உங்களுடையது. குடியிருப்பவரிடம் பங்கு கேட்க முடியாது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் 21 பாகை சூடு இருக்க வேண்டும். பாகம் வரும்வரை கொடுக்க, 1,500 வாட் மின் ஹீட்டர் இரண்டை வாங்கி வைத்திருங்கள். ஒன்று 12.5 அம்பியர் இழுக்கும், ஆகவே 15 அம்பியர் இணைப்பில் ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன் வயரில் போட வேண்டாம். சமையல் ஓவனைத் திறந்து வைத்தோ பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவந்தோ சூடேற்ற யாரையும் விடாதீர்கள்.

அரசு உதவி கிடைக்குமா?

காஸ் ஃபர்னஸ் வாங்கக் கிடைக்காது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒன்ராறியோவின் வீட்டுப் புதுப்பிப்புச் சேமிப்புத் திட்டம் ஹீட் பம்ப் (மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் செய்யும் கருவி), காப்பு போன்றவற்றுக்குப் பணம் தருகிறது. ஏசியும் கிழடாகிவிட்டதென்றால் ஏசிக்குப் பதில் ஹீட் பம்ப் போட்டு, ஃபர்னஸைக் கடுங்குளிருக்கு மட்டும் வைக்கும் விலையையும் கேளுங்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்கு எரிபொருள் பில் பாக்கியில் உதவ லீப் திட்டம் இருக்கிறது, காப்பு இலவசமாகப் போட்டுத்தர காஸ் கம்பனியான என்பிரிட்ஜின் திட்டம் இருக்கிறது.

மார்கழியில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்வது?

ஃபர்னஸ் தேய்ந்து நிற்பதை வீட்டுக் காப்புறுதி பொறுப்பேற்காது. அது நின்றதால் குழாய் உறைந்து வெடித்தால் பொறுப்பேற்கலாம். ஆனால் குளிர்காலத்தில் சில நாளுக்கு மேல் வீட்டைப் பூட்டினால் யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல பொலிசிகளில் உண்டு. எத்தனை நாள் என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகுமுன் புதிய ஃபில்டர், தெர்மோஸ்டாட்டுக்குப் புதிய பற்றரி, சூடு 16 பாகை. தண்ணீரின் பிரதான வால்வை மூடி, கீழ்த்தள டாப்பையும் மேல்மாடி டாப்பையும் திறந்து தண்ணீரை வடியுங்கள், சுடுதண்ணீர்த் தாங்கியை ‘விடுமுறை’ நிலையில் வையுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் உறவினருக்கு ஃபர்னஸ் சுவிட்ச் எது, வெளிக்குழாய் எங்கே என்று ஒருமுறை காட்டுங்கள். அவர் வரும் நாட்களில் தெர்மோஸ்டாட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால், திகதியோடு சான்றும் உங்கள் தொலைபேசியில் இருக்கும்.